வெந்நீரா, பேனலா, பேட்டரியா? டர்பன் வீடுகளுக்கு ஒரு கணக்கு

2023இல் தென்னாப்பிரிக்காவில் 300 நாட்களுக்கும் மேல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, இருந்தது. அந்த வருடம் டர்பனின் சேட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சோலார் பற்றிப் பேச்செடுத்தாலே முதல் கேள்வி, "கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்பதாகத்தான் இருந்தது. லோட் ஷெடிங் குறைந்துவிட்ட இப்போது கேள்வி வேறு: "மாத பில் எவ்வளவு குறையும்?" கடைகளில் முன்னால் எடுத்து வைக்கப்படும் தொகுப்பு மட்டும் பழையதுதான். ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டர், ஐந்து யூனிட் பேட்டரி, ஆறு பேனல். முதல் கேள்விக்கு அது நல்ல பதில். இரண்டாவது கேள்விக்கு, டர்பனின் பெரும்பாலான வீடுகளில், பணத்தைத் தப்பான இடத்தில் முதலில் போடும் வழி அது.

கேள்வி எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிதாகும். 2011இல் ஐ.நா. பருவநிலை மாநாடு, காப் 17, டர்பனில்தான் நடந்தது. தனியார் காற்றாலைகளிடமும் சூரிய ஆலைகளிடமும் மின்சாரம் வாங்கும் அரசுத் திட்டத்தின் முதல் சுற்றில் தேர்வானவர்களை அந்த மாநாட்டு நாட்களிலேயே அறிவித்தார்கள். பிறகு அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிர்வாகம் புதிய ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடாமல் வருடக்கணக்கில் இழுத்தது; தேங்கிக் கிடந்த 27 ஒப்பந்தங்கள் 2018 ஏப்ரலில்தான் கையெழுத்தாயின. உரிமம் இல்லாமல் தனியார் அமைக்கக்கூடிய மின் உற்பத்தியின் வரம்பு 1 மெகாவாட் என்று இருந்தது. அதை 100 மெகாவாட்டாக உயர்த்துவதாக அதிபர் ராமபோசா 2021 ஜூனில் அறிவித்தார். 2023 தொடக்கத்தில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். மாநாடு சாதிக்காததை இருட்டு சாதித்தது. மக்களோ அதற்கும் காத்திருக்கவில்லை. எஸ்காமின் மதிப்பீட்டில், 2022 மார்ச்சில் 1,000 மெகாவாட்டை ஒட்டி இருந்த கூரைச் சோலார் 2023 நடுவில் 4,400 மெகாவாட் ஆகிவிட்டது.

டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, அந்த ஊர் பல மாதம் லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. மின் கட்டமைப்பு அவ்வளவு சேதமடைந்ததால், நாடே லோட் ஷெடிங்கில் இருந்தபோது டர்பனுக்குச் சில மாதம் விலக்குக் கொடுத்தார்கள். மனிதரால் வந்த வெப்ப உயர்வு அப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது என்று வானிலைக் காரணங்களை ஆராயும் விஞ்ஞானிகள் குழு கணக்கிட்டுச் சொன்னது. அதன் பிறகு இந்த ஊரில் பருவநிலையை யாரும் தூரத்து விஷயமாகப் பேச முடியாது.

ஆனால் மேலே இருப்பவர்களின் மனம் ஒரே திசையில் போகிறது என்று நம்பிவிட வேண்டாம். 2024 ஜூலையில் பருவநிலை மாற்றச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார். மறுபக்கம், கேம்டன், குரூட்வ்ளே, ஹென்ட்ரினா நிலக்கரி நிலையங்களை மூடுவதை 2030க்குத் தள்ளிவிட்டார்கள். நிலக்கரியை விட்டு விலகப் பண உதவி செய்வதாக 2021இல் கிளாஸ்கோவில் தென்னாப்பிரிக்காவுக்கு வாக்குக் கொடுத்த நாடுகளில் அமெரிக்கா 2025 மார்ச்சில் விலகிக்கொண்டது. வீடுகளுக்குப் பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட் வரிச் சலுகை கொடுத்தார்கள். 2023 மார்ச் 1இல் தொடங்கி 2024 பிப்ரவரி 29இல் முடிந்துவிட்டது. ஆகவே அடுத்த சலுகை வரும் என்று காத்திருப்பதும், நாளைக்கே எல்லாம் இருண்டுவிடும் என்று ஓடி வாங்குவதும் ஒரே மாதிரித் தவறு. திசை மாறாமல் போவது எஸ்காம் கட்டணம் ஒன்றுதான்: 2023இல் 18.65 சதவீதம், 2024இலும் 2025இலும் 12.7 சதவீதத்தை ஒட்டிய உயர்வு.

நம் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. கம்பியிலிருந்து நீங்கள் எடுக்காத ஒவ்வொரு யூனிட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவைக் குறைக்கிறது. பில்லுக்கும் புகைக்கும் ஒரே அளவுகோல்தான்: யூனிட். எந்தச் செலவு அதிக யூனிட்டைக் குறைக்கிறதோ அதை முதலில் செய்ய வேண்டும்.

வெந்நீர்: பில்லில் ஐந்தில் இரண்டு பங்கு இங்கேதான்

150 லிட்டர் கீசரில் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 7 யூனிட் வேண்டும். இது இயற்பியல்; எந்தக் கம்பெனியும் இதைக் குறைத்துவிட முடியாது. பழைய கீசர் சும்மா நிற்கும்போதே ஒரு நாளுக்கு 2.5 யூனிட்டைச் சீலிங்குக்குள் விட்டுவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் கீசர் மட்டும் நாளுக்கு 10 யூனிட் எடுப்பது சாதாரணம். அந்த வீடு மொத்தமாக 25 யூனிட் செலவழித்தால் ஐந்தில் இரண்டு பங்கு குளியலறைக்குப் போகிறது. 2011இல் வந்த கட்டட விதி, புதிய வீடுகளில் வெந்நீரின் பாதியையாவது சாதாரண மின் எலிமென்ட் இல்லாமல் சூடாக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அதற்கு முன் கட்டிய வீடுகளில் இந்த வேலை அப்படியே கிடக்கிறது.

டைமர் போட்டால் பாதி மிச்சம் என்று சொல்வதை நம்பாதீர்கள். டைமர் குறைப்பது சும்மா நிற்கும்போது போகும் சூட்டில் ஒரு பகுதியை மட்டும்; நாளுக்கு ஒரு யூனிட் மிஞ்சினால் நல்லது. தெர்மோஸ்டாட் 70இல் இருந்தால் 60க்கு இறக்குங்கள், பழைய கீசருக்குக் கம்பளம் சுற்றுங்கள், வெந்நீர்க் குழாயின் முதல் இரண்டு மீட்டருக்கு உறை போடுங்கள். 60க்குக் கீழே நிரந்தரமாக வைக்க வேண்டாம், தண்ணீரில் கிருமி வளரும். இவற்றை இந்த வாரமே செய்யலாம். ஆனால் இவை பெரிய விடை அல்ல.

பெரிய விடைகள் இரண்டு. ஒன்று, கூரையில் ஏறும் சோலார் கீசர். டர்பனில் உறைபனி இல்லாததால், தண்ணீரையே நேராகச் சூடாக்கும் எளிய வகை போதும். உள்நாட்டுக் குளிர்ப் பகுதிகளில் தேவைப்படும், உறையாத கிளைகால் திரவம் ஓடும் தனிச் சுற்று இங்கே அவசியமில்லை. நாளுக்கு 6 யூனிட் அளவுக்கு மிஞ்சும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் மேகம் மூடினால் எலிமென்ட் வேலை செய்யத்தான் வேண்டும். நம் குளிர்காலம் வறண்டு வெயிலாக இருப்பது இங்கே பெரிய அதிர்ஷ்டம்: வெந்நீர் அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் வானமும் தெளிந்திருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமை விடியுமுன் வீடே தலைக்குக் குளிக்கும்போதும் கவலையில்லை, முந்தின நாள் வெயில் தொட்டியில் இருக்கும்.

அதன் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. தண்ணீர் நிரம்பிய தொட்டியும் தாங்கியும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும். கூரைச் சட்டம் தாங்குமா என்று ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். தொட்டிக்குள் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியக் கம்பியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதைச் செய்யாததால்தான் பத்து வருடம் வரவேண்டிய தொட்டி ஆறில் ஓட்டையாகிறது. கண்ணாடிக் குழாய் வகையானால், கோடையில் குடும்பம் இரண்டு வாரம் வெளியூர் போகும்போது தொட்டி கொதித்து வால்வு வழியே தண்ணீரைக் கொட்டும். கிளம்புமுன் குழாய்களின் மேல் துணி மூடிவிட்டுப் போவது நல்லது.

இரண்டாவது விடை ஹீட் பம்ப். ஒரு யூனிட் மின்சாரத்தில் வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து மூன்று யூனிட் அளவுக்கு வெந்நீர் கொடுக்கும். குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும் டர்பன் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஜோகன்னஸ்பர்க் பனிக்காலையில் இதன் திறன் விழும், இங்கே விழாது. மிச்சம் சோலார் கீசரை ஒட்டியே வரும். கூரை தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். விசிறிச் சத்தம் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வராதபடி இடம் பாருங்கள். சொட்டும் நீருக்கு வடிகால் வேண்டும். கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருந்தால் செம்புச் சுருளுக்கு உப்பரிப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சேட்ஸ்வொர்த்தின் பழைய கவுன்சில் வீடுகளுக்கு இந்த இடத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட கூரையைத் துளைக்கக் கூடாது. தூசி நுரையீரலுக்குப் போகும் என்பதோடு, ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்குச் சட்டக் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. "ரெண்டு போல்ட் தானே" என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கூரை மாற்றும் வரை அந்த வீடுகளுக்கு ஹீட் பம்ப்தான் வழி. சுவரைப் பகிரும் இரட்டை வீடுகளில் உங்கள் பாதிக் கூரை தெற்கு பார்த்திருந்தாலும் இதே பதில்தான்.

பேட்டரி இல்லாத பேனல்

550 வாட் பேனல் ஆறு போட்டால் 3.3 கிலோவாட், சுமார் 16 சதுர மீட்டர் கூரை. டர்பனில் வருடச் சராசரியாக நாளுக்கு 13 யூனிட் எதிர்பார்க்கலாம். உள்நாட்டின் வறண்ட கரூ வட்டாரத்துக் கணக்கைக் காட்டி 18 என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். பேனல் வடக்கு பார்க்க வேண்டும், சாய்வு 30 டிகிரியை ஒட்டி. தமிழ்நாட்டுக் காணொளி பார்த்துத் தெற்கே திருப்பிவிடக் கூடாது. நாம் பூமத்திய ரேகைக்கு மறுபக்கம் இருக்கிறோம்.

பேட்டரி இல்லாத அமைப்பு மலிவு. அதன் கட்டுப்பாடு இரண்டு. கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஆளின் உயிருக்காகச் சட்டமே அப்படி. அடுத்தது, உபரியை மாநகராட்சி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் இல்லாவிட்டால், பகலில் செலவழியாத யூனிட் உங்களுக்கு மிச்சமாகாது. கணவனும் மனைவியும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு என்றால், அந்த 13 யூனிட்டில் மூன்றோ நாலோதான் வீட்டுக்குள் செலவாகும். இதைச் சொல்லாமல் 13ஐ முழுசாகப் பில்லிலிருந்து கழித்துக் காட்டுவதுதான் விலைப்பட்டியல்களில் அடிக்கடி காணும் ஏமாற்று.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. கீசரையே பகல் பேட்டரியாக்கிவிடலாம். வழக்கமான 3 கிலோவாட் எலிமென்டைக் கழற்றி 2 கிலோவாட் எலிமென்ட் போடுங்கள், டைமரைக் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை வையுங்கள். 3 கிலோவாட் எலிமென்ட் ஓடும்போது ஒரு மேகம் கடந்தாலே பேனல் போதாமல் கம்பியிலிருந்து இழுக்கும். 2 கிலோவாட் என்றால் பேனலுக்குள் அடங்கும். 7 யூனிட்டுக்கு மூன்றரை மணி நேரம். எலிமென்ட் மாற்றும் செலவு பிளம்பர் ஒரு முறை வந்துபோகும் செலவுதான். துணி துவைக்கும் மெஷினையும் நீச்சல்குளப் பம்ப்பையும் அதற்குப் பின் இரண்டு மணிக்கு மேல் தள்ளினால் 13இல் பத்து யூனிட் வீட்டுக்குள்ளேயே செலவாகிவிடும்.

கூரை நன்றாக, வடக்கு பார்த்து, நிழலின்றி இருந்தால் சோலார் கீசரைவிட இந்த வழியே மேல் என்பது எங்கள் முடிவு. கூரையில் தண்ணீர் இல்லை, துரு இல்லை, வெந்நீர் போதுமானபோது மிச்ச வெயில் ஃபிரிட்ஜுக்குப் போகும், பின்னால் பேட்டரி சேர்க்கவும் இடம் இருக்கும். அதற்காகத் தொடக்கத்திலேயே ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்குங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் மட்டும் ஹீட் பம்ப்போடு நின்றுகொள்ளலாம்.

வெருலம், டோங்காட், மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் இருப்பவர்கள் கரும்புக் கரியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெட்டுக்கு முன் தோட்டம் எரிக்கும் மாதங்களில் கறுப்புத் துகள் பேனல் மேல் படியும். குளிர்காலத்தில் மழையும் வந்து கழுவாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, விடிகாலையில், மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். மதியச் சூட்டில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் கண்ணாடி விரிசல் விடலாம்.

பேட்டரி எப்போது

5 யூனிட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை நாளுக்கு 4.5 யூனிட் என்று பத்து வருடம் தினமும் ஓட்டினால் சுமார் 16,000 யூனிட் கொடுக்கும். விலையை அதால் வகுங்கள். 24,000 ராண்ட் என்றால் யூனிட்டுக்கு ஒன்றரை ராண்ட். உங்கள் கட்டணம் மூன்று ராண்டானால், வீணாகப் போகும் வெயிலை இரவுக்குச் சேர்த்து வைப்பதில் லாபம் இருக்கிறது. ஆனால் "தினமும்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கரண்ட் போகும் நாளுக்காக முழுதாக நிரம்பிக் காத்திருக்கும் பேட்டரி ஒரு ராண்டும் திருப்பித் தராது. அதோடு, பேனல் இல்லாத இன்வெர்ட்டர் தான் விழித்திருக்கவே 50 வாட் தின்னும். மாதம் 36 யூனிட் பில்லில் கூடுதலாக ஏறும்.

2022, 2023இல் அவசரத்தில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் மட்டும் வாங்கிய வீடுகள் நிறைய. உங்களிடம் இருப்பது லெட் ஆசிட் அல்லது ஜெல் பேட்டரியானால் அது பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அந்த வகையைப் பாதிக்கு மேல் வடிய விடக் கூடாது, நிரம்பப் பத்து மணி நேரம் வேண்டும். நாளில் பல முறை கரண்ட் போன ஆறாம் நிலை லோட் ஷெடிங்கில் இரண்டுக்கும் இடம் இல்லாமல் போனது. லித்தியமானால் அருமையான முதலீட்டின் பாதி உங்கள் கராஜில் தூங்குகிறது. நான்கைந்து பேனல் சேர்த்து, இன்வெர்ட்டர் அமைப்பில் இருப்பளவை 80 சதவீதத்திலிருந்து 40க்கு இறக்குங்கள். மாலை ஐந்து முதல் பத்து வரை பேட்டரி வீட்டை ஓட்டும், 40 சதவீதம் அவசரத்துக்கு நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் அன்று மட்டும் 90க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

லோட் ஷெடிங் குறைந்தும் துணை மின்நிலையக் கோளாறாலும் கேபிள் திருட்டாலும் உங்கள் தெருவில் அடிக்கடி மணிக்கணக்கில் இருள்கிறது என்றால், அல்லது வீட்டில் ஆக்சிஜன் கருவி, இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் இருந்தால், இந்த வரிசை உங்களுக்குப் பொருந்தாது. பேட்டரியை முதலில் வாங்குங்கள். லாபக் கணக்கு அங்கே வேண்டாம்.

வாடகைக்குப் போடும் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக: வருட ஏற்றம் எத்தனை சதவீதம், வீட்டை விற்றால் ஒப்பந்தம் யாருக்குப் போகும், இடியில் போனால் யார் மாற்றுவார்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

கோவில் மண்டபங்களுக்கு மட்டும் இந்தத் திட்டம் பொருத்தமாக அமையலாம். பெரிய கூரையைப் பார்த்து ஆசைப்பட்டு முப்பது பேனல் போடும் கமிட்டிகள் ஒன்றை மறக்கின்றன: மண்டபம் உயிர்ப்பது வார இறுதியிலும் காவடி நாட்களிலும்தான். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த யூனிட்டுக்கு ஆள் இல்லை. உபரியை மாநகராட்சி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் எழுத்தில் கிடைக்காத வரை, ஃபிரிட்ஜுக்கும் பம்ப்புக்கும் விளக்குக்கும் போதுமான அளவோடு நிறுத்துங்கள். சோலாருக்காகத் தொழில்களுக்குக் கிடைக்கும் வரிக் கழிவால், வருமான வரி கட்டாத சங்கத்துக்குப் பயனில்லை. வரி கட்டும் கம்பெனி ஒன்று சொந்தச் செலவில் போட்டு யூனிட் கணக்கில் விற்றால், கழிவு அதற்குக் கிடைக்கும். அந்தப் பலனை விலையில் இறக்கித்தரச் சொல்லிப் பேரம் பேசலாம்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

எந்த இன்வெர்ட்டரும் என்.ஆர்.எஸ். 097 தரத்துக்குச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியில் பதிவு செய்து, சி.ஓ.சி. மின் சான்றிதழ் கையில் வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கோரிக்கையைத் தள்ளிவிட அதுவே காரணமாகலாம்.

அடிக்கடி நடக்கும், கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று. கரண்ட் போய் வீடு பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் இன்வெர்ட்டர் பக்கம் இணைய வேண்டும். இல்லையென்றால் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் ஷாக் அடிக்கும்போது விழாது. மெயினை அணைத்து, பேட்டரியில் ஓடவிட்டு, வெறும் டெஸ்ட் பொத்தானை அழுத்துவதோடு நிறுத்தாமல், சோதனைக் கருவி செருகி விழவைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வேறு கம்பெனி கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகுவதும் ஆபத்து. பொருந்தியது போலத் தெரியும். ஈரம் புகுந்து, சூடேறி, கூரையில் தீ வைக்கும்.

ப்ரீபெய்ட் மீட்டர் வைத்திருப்பவர்கள் உபரி வெளியே போகாதபடி இன்வெர்ட்டரில் தடை போட வேண்டும். சில மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் எடுத்ததாகவே கழிக்கும், சில விழுந்துவிடும். பழைய சக்கர மீட்டர் பின்னோக்கிச் சுற்றினால் சந்தோஷப்பட வேண்டாம். அது சட்டப்படி குற்றம், மீட்டரை மாற்றக் கேளுங்கள்.

விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் ஒரு வாரம் மீட்டரைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை, நோட்டில் எழுதுங்கள். ஐந்தாம் நாள் காலை கீசர் பிரேக்கரை அணைத்து, அடுத்த நாள் காலை வரை அப்படியே விடுங்கள். அந்த நாளுக்கும் மற்ற நாட்களுக்கும் உள்ள வித்தியாசம் எட்டு யூனிட்டைத் தாண்டினால் முதலில் வெந்நீர். நாலுக்குக் கீழே இருந்து, பகல் கணக்கு இரவுக் கணக்கைவிடப் பெரிதாக இருந்தால் நேரே பேனலுக்குப் போங்கள். இரவுக் கணக்கு பெரிதாக இருந்தால், பேட்டரி அளவைக் கடைக்காரர் சொல்வதற்கு முன் அந்த எண்ணை அவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.